வேகம் இருக்கட்டும், இணைப்பு நிற்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் 'வேகமான விபிஎன் எது?' என்று ஓர் அட்டவணை வந்திருந்தது. விபிஎன் என்றால், நம் இணையத் தரவை மறைத்து வேறோர் இடத்து சர்வர் வழியாக அனுப்பும் ஏற்பாடு. இணையத் தடையே இல்லாத நாட்டில் உட்கார்ந்து எடுத்த கணக்கு என்பது பார்த்ததுமே தெரிந்துவிட்டது. விபிஎன் இல்லாமல் ஜிமெயில்கூடத் திறக்காத இடத்தில் இருப்பவருக்கு அது உதவாது.

நான் 2019 கடைசியில் இயந்திரப் பராமரிப்பு வேலைக்காகச் சீனாவின் ஷென்சென் நகருக்குப் போனவன். பெருந்தொற்றில் மாட்டிக்கொண்டு 2022 வரை அங்கேயே இருக்க நேர்ந்தது. அங்கே வாட்ஸ்அப் வேலை செய்யாது. வயதான அம்மாவுடன் பேச விபிஎன்னை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை. தொழிற்சாலையில் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் பதிவேடு வைக்கிற பழக்கத்தில், இதற்கும் ஒரு நோட்டுப் போட்டேன். எத்தனை மணி, எந்த சர்வர், இணைய எத்தனை விநாடி, எத்தனை நிமிடம் நின்றது என்று நான்கு கட்டம். வேகத்துக்கு ஐந்தாவது கட்டமும் இருந்தது. இரண்டாவது வாரத்திலேயே அதை நிரப்புவதை விட்டுவிட்டேன். குரல் அழைப்புக்கு விநாடிக்கு நூறு கிலோபிட் போதும். அது அறுந்து போகாமல் இருப்பதுதான் பெரும்பாடு.

முதலில் நான் ஏமாந்தது சாவிப் படத்தில். வயர்கார்டு வகை விபிஎன்னில் பொத்தானைத் தட்டினால் போதும், இணைந்துவிட்டது என்பதுபோல் திரையின் மேலே சாவி வந்துவிடும். மறுமுனை பதில் சொன்னதா என்பதற்கும் அந்தச் சாவிக்கும் சம்பந்தமே இல்லை. செயலிக்குள் போய்ப் பார்த்தால் அனுப்பியது 148 பைட், 296, 444 என்று ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே போகும். வந்த கணக்கோ பூஜ்யத்திலேயே நிற்கும். அதன் முதல் ஹேண்ட்ஷேக் பாக்கெட், அதாவது மறுமுனையோடு கைகுலுக்க அனுப்பும் முதல் தரவுத் துண்டு, எப்போதுமே 148 பைட்தான். மாறாத அளவில், மாறாத தொடக்கத்தோடு வருகிற பாக்கெட்டை அரசின் தணிக்கைக் கருவி பொறுக்கி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் சாவியை நம்பாமல், கடைசி ஹேண்ட்ஷேக் எப்போது நடந்தது என்று காட்டும் வரியைப் பார்க்கப் பழகினேன்.

ஸ்பீட் டெஸ்ட்டும் ஒருநாள் காலை வாரியது. விநாடிக்கு 90 மெகாபிட் வந்தது என்று சந்தோஷப்பட்டேன். விபிஎன் எப்போதோ அறுந்திருக்கிறது, நான் அளந்தது பக்கத்துத் தெரு சர்வரை. அப்புறம் வெளிநாட்டு சர்வர் ஒன்றிலிருந்து அளவு தெரிந்த ஒரு கோப்பை இறக்கி, கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். அதையும் காலை ஆறு மணிக்குச் செய்தால் ஒரு விடை, இரவு ஒன்பதுக்குச் செய்தால் வேறு விடை. மாலை எட்டுக்கு மேல் வெளிநாட்டுத் தடங்களில் அவ்வளவு நெரிசல்.

2021 நவம்பரில் என் நோட்டில் திடீரென்று தோல்விக் கோடுகள் கூடின. அப்போது நான் பயன்படுத்தியது ஷேடோசாக்ஸ் என்ற வேறு வகை. எந்த வகை என்றே தெரியாதபடி எல்லாத் தரவையும் குலுக்கிப்போட்ட மாதிரி அனுப்பும் முறை அது. வினோதம் என்னவென்றால், ஒரே சர்வர் மூன்று முறை இணையும், நான்காவது முறை இணையாது. சர்வர்காரர் மேல் பழியைப் போட்டேன். 2023-ல் வெளியான ஓர் ஆய்வுதான் விஷயத்தை விளக்கியது. வெளிநாட்டு இணையத்தை வடிகட்டும் சீன அரசின் தடுப்புச் சுவர், பாக்கெட்டில் எட்டு பிட்டுக்குச் (0 அல்லது 1 என்ற இலக்கம்) சராசரியாக எத்தனை 1 இருக்கிறது என்று அப்போது எண்ணியதாம். குலுக்கிப்போட்ட தரவில் அது நான்கை ஒட்டியே வரும். 3.4-க்கும் 4.6-க்கும் நடுவே விழுந்து, வேறு எந்த விதிவிலக்கிலும் சேராவிட்டால் சந்தேகம். முகமூடி போட்டவனைத்தானே போலீஸ் முதலில் நிறுத்தும்! சந்தேகப்பட்ட எல்லாவற்றையும் அது வெட்டவில்லை. ஏறத்தாழ நாலில் ஒன்றைத்தான் வெட்டியது. வெட்டிவிட்டால் அதே சர்வருக்கு 180 விநாடி கதவு அடைப்பு. நானோ பதற்றத்தில் உடனே உடனே தட்டிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நிமிடக் கெடு தெரிந்திருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வந்திருப்பேன்.

ஆகவே ஒருமுறை இணைந்ததை வைத்து 'நம்பகமானது' என்று எழுதாதீர்கள். இருபது முறையாவது முயன்று, எத்தனை முறை இணைந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று சேர்த்துப் போடுங்கள். எந்த நாட்டில், எத்தனை மணிக்குப் பார்த்தது என்பதும் வேண்டும். அரசு அனுமதி பெற்ற விபிஎன் மட்டுமே அங்கே சட்டப்படி செல்லும் என்பதையும் வாசகருக்குச் சொல்லியிருக்கலாம். 2017-லேயே ஆப்பிள் தன் சீன ஆப் ஸ்டோரிலிருந்து விபிஎன் செயலிகளை எடுத்துவிட்டது. அங்கே போய் இறக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர் திண்டாடுவார்.

வெளிநாட்டு சிம்மில் ரோமிங் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை, தரவு, சிம் கொடுத்த நாட்டின் வழியாகச் சுற்றிப் போய்த்தான் இணையத்தைத் தொடும். பில்லைப் பார்த்த பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நோட்டு இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த அட்டவணை போடுவதற்கு முன் வேண்டுமென்றால் சொல்லுங்கள், பிரதி எடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்