“குரல் கேக்குதா?” என்பதோடு நிறுத்தாதீங்க, டாக்டர்

மாதாமாதம் ஓ.பி.யில் எங்களைப் பார்க்கும் மனநல மருத்துவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறை வாசலில் நிற்கும் கூட்டம் எனக்கும் தெரியும், ஆளுக்கு அஞ்சு நிமிஷம் கிடைத்தாலே பெரிது. ஆனாலும் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) என்று தெரிந்ததிலிருந்து உங்கள் கேள்விகள் மாறவே இல்லை: தூக்கம் வருதா, குரல் கேக்குதா, மாத்திரை ஒழுங்கா போடுறானா. பதில் நல்லபடியாக இருந்தால் “அதே மாத்திரை, அடுத்த மாசம் வாங்க”. இல்லாத குரல் கேட்பதெல்லாம் அடங்கி வெகுநாளாகிவிட்டது. அப்புறமும் ஒரு கடையில் அவனால் நிலைத்து வேலை பார்க்க முடியவில்லையே, ஏன் என்று யாருமே கேட்டதில்லை.

முதலாளி ஒரே மூச்சில் மூன்று வேலை சொன்னால், முதல் வேலை முடிவதற்குள் மற்ற இரண்டும் அவன் தலையில் இருக்காது. பில் போடும்போது யாராவது குறுக்கே பேசினால் கூட்டல் போச்சு. வீட்டில் இதைச் சோம்பேறித்தனம், திமிர் என்கிறார்கள். இது வொர்க்கிங் மெமரி, அதாவது ஒரு வேலை முடியும்வரை தேவையானதை மனதில் பிடித்துவைக்கும் ஞாபகத்தின் சிக்கல் என்று உங்களுக்குத் தெரியும், எங்களிடம் சொன்னதில்லை. நானாகத்தான் தேடிப் படித்தேன்.

ஒரு புள்ளி தோன்றி மறைந்த இடத்தைச் சில விநாடிகள் மனதில் வைத்திருக்கவே இந்த நோயாளிகள் தடுமாறுகிறார்கள் என்று சோஹி பார்க், ஃபிலிப் ஹோல்ஸ்மன் என்ற ஆய்வாளர்கள் 1992-லேயே காட்டிவிட்டார்கள். அதன்பின் வந்த, மூளை வேலை செய்வதை ஸ்கேனில் பார்க்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஆய்வுகளில் எண்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இது இரண்டு எண்ணுக்கு முன்னால் வந்ததேதானா என்று கேட்பார்கள். நெற்றிக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கும் முன்மூளைப் பகுதிக்குத்தான் இதில் பெரிய வேலை. நோயாளிகளிடம் அது மந்தமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் பல ஆய்வுகளில், சுலபமான கட்டத்தில் அது மற்றவர்களைவிட அதிகமாக உழைக்கிறது, சுமை கூடும்போதுதான் சீக்கிரமே தளர்ந்துபோகிறது. அதாவது நாம் அலட்டிக்கொள்ளாமல் செய்வதை அவன் முக்கி முனகிச் செய்கிறான், அவனைப் போய்த்தான் சோம்பேறி என்கிறோம். (நோயில்லாத உடன்பிறந்தவர்களிடமும் இந்த அதிக உழைப்பைப் பார்த்திருக்கிறார்கள். படித்ததும் என் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.) இவையெல்லாம் பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி, ஒரே ஒருவரை ஸ்கேன் எடுத்து நோயைச் சொல்லிவிட முடியாது என்பதும் தெரியும். நான் ஸ்கேன் கேட்டு வரவில்லை.

நான் கேட்க வந்தது சீட்டில் கடைசி வரியில் டி.எச்.பி. என்று எழுதுகிறீர்களே, அதைப் பற்றி. நோய்க்கான மாத்திரையால் வரும் கை நடுக்கத்துக்கும் உடம்பு இறுக்கத்துக்கும் அந்த டி.எச்.பி., அதாவது டிரைஹெக்சிபெனிடில், தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஞாபகத்துக்கு உதவும் அசிடைல்கோலின் என்ற மூளை ரசாயனத்தைத் தடுக்கும் மருந்து, ஏற்கெனவே தடுமாறும் ஞாபகத்தை இன்னும் மங்கச் செய்யும். பக்கவிளைவு வராமல் தடுக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. தம்பிக்கு நடுக்கம் நின்று எத்தனையோ காலமாகிவிட்டது, மாத்திரை மட்டும் நிற்கவில்லை. அது இன்னும் வேண்டுமா, அளவைக் குறைக்க முடியுமா என்று யாராவது யோசித்தீர்களா? (இதைப் படிக்கும் குடும்பத்தினர் தயவுசெய்து நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், சட்டென்று நிறுத்தினால் வேறு தொல்லை வரும்.)

ஞாபகத்தைச் சரிசெய்யத் தனி மருந்து இன்னும் வரவில்லை. பெரிதாக எதிர்பார்த்த ஐக்லிபெர்டின் என்ற மருந்தும் 2025 தொடக்கத்தில் கடைசிக் கட்டச் சோதனையில் தோற்றுவிட்டது. சரி, மருந்து இல்லை. ஆனால் கவனத்தையும் ஞாபகத்தையும் பழக்கும் காக்னிட்டிவ் ரெமடியேஷன் என்ற பயிற்சி இருக்கிறது, வேலைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் இன்னும் கூடும் என்கிறார்கள். அது எங்கே கிடைக்கும் என்று ஒரு வரி சீட்டில் எழுதலாமே. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்க, தாளில் எழுதிக் கொடுங்க என்று என் அப்பாவிடம் நீங்கள் சொன்னால் கேட்பார். நான் சொன்னால் “நீ பெரிய டாக்டரு” என்பார்.

அடுத்த மாதம் தம்பியோடு வரும்போது டி.எச்.பி. பற்றி நிச்சயம் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு அக்கா