பீஜி ஊதித் தந்த கோதுமை

அன்புள்ள தேனுவுக்கு,

அம்மா எழுதுவது. கனடாவின் சர்ரேயில் நீ எடுத்து அனுப்பிய ஊர்வல வீடியோவை அப்பாவும் நானும் நாலு தடவை பார்த்துவிட்டோம். "ரோட்டோரம் முழுக்கச் சாப்பாடு கொடுக்கிறார்கள், ஒருத்தர்கூடக் காசு வாங்க மாட்டேன்கிறார்கள், இது என்ன பண்டிகைம்மா?" என்று கேட்டிருந்தாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் நின்றுபோகும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அது வைசாகி, பஞ்சாபில் சீக்கியர்கள் கொண்டாடும் பண்டிகை. உனக்கு அது புதிது இல்லை கண்ணு. மூன்று வயதில் அதன் நடுவில்தான் நீ இருந்தாய்.

அப்பாவுக்கு மாற்றலாகி அமிர்தசரஸில் நாலு வருஷம் இருந்தோம் அல்லவா, அப்போது பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி. எல்லோரும் பீஜி என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். எனக்கு இந்தி அரைகுறை, அவருக்குப் பஞ்சாபி மட்டும்தான். உன்னைப் பாதி வளர்த்தது அவர். முதல் வருஷம் சித்திரை ஒன்று அன்று, ஊரிலிருந்து கொண்டுபோன காய்ந்த வேப்பம்பூவைப் போட்டு மாங்காய்ப் பச்சடி செய்து, ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினேன். எதிரே பீஜி, கையில் மஞ்சள் நிற இனிப்புச் சோறு. இரண்டு பேருக்கும் அன்று பண்டிகை! சூரியன் மேஷத்தில் நுழைகிற அதே நாள்தான் அவர்களுக்கும். நாம் சித்திரை என்கிற மாதத்தை அவர்கள் வைசாக் என்கிறார்கள். நம் வைகாசி பிறக்க இன்னும் ஒரு மாதம் கிடக்கும்.

ஆனால் அங்கே அது கோதுமையின் நாள். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தது குளிரெல்லாம் தாங்கி ஏப்ரலில் பழுத்து நிற்கும். 'கனக்' என்பார்கள் கோதுமையை. நம் காதுக்கு அது பொன் என்று விழும், பார்வைக்கும் அப்படித்தான் இருக்கும். அறுப்பு முடிந்து மண்டிக்குப் போய்ப் பணம் கைக்கு வந்தால்தான் கடன் அடையும், கல்யாணம் நடக்கும். டோல் மேளச் சத்தமும் பாங்ரா ஆட்டமும் சும்மா வருவதில்லை. ஆறு மாதம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் ஆட்டம் அது.

1999-ல் பீஜி நம்மைத் தன் பிறந்த ஊருக்கு அழைத்துப்போனார். அங்கிருந்து டிராக்டர் டிராலியில், வைக்கோல் பரப்பி மேலே ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை விரித்து, ஆனந்தபூர் சாஹிபுக்குப் பயணம். அமிர்தம் குடித்து தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சா அங்கே பிறந்து 300 வருஷம் நிறைந்த வைசாகி அது. வழியில் ஒரு வயலோரம் நிறுத்தினார்கள். பீஜி ஒரு கதிரைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்து இன்னொரு கையால் கசக்கி, உமியை ஊதிவிட்டு, மணிகளை உன் வாயில் போட்டார். நீ மென்றுகொண்டே இருந்தாய். மெல்ல மெல்ல அது பசை மாதிரி ஆகும். துப்பவே மாட்டேன் என்றாய். கதிரின் மீசை உன் கவுனில் ஒட்டிக்கொண்டு, ராத்திரி முழுக்க அதை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

அந்த ராத்திரிதான் பீஜி எனக்கு 1699-ன் கதையைச் சொன்னார். அவர் மருமகள் இந்தியில் சொல்லிச் சொல்லிப் புரியவைத்தாள். வைசாகிக்குக் குருவிடம் கூடும் வழக்கத்தை சீக்கியர்களின் மூன்றாவது குரு அமர்தாஸ் கோயிந்த்வாலில் முன்பே தொடங்கியிருந்தார். பத்தாவது குரு கோவிந்த் சிங் அந்த வருஷம் ஆனந்தபூரில் பெருங்கூட்டத்தின் முன் உருவிய வாளோடு வந்து நின்றார். "எனக்கு ஒரு தலை வேண்டும், யார் தருகிறீர்கள்?" என்று கேட்டார். கூட்டம் உறைந்துபோயிற்று. ஒருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். இப்படி ஐந்து பேர். லாகூர் தயா ராம், ஹஸ்தினாபுரத்துத் தரம் தாஸ், பூரி ஜகன்னாதத்து ஹிம்மத் ராய், துவாரகை மோக்கம் சந்த், நம் பக்கத்துக் கர்நாடகத்துப் பீதரிலிருந்து சாஹிப் சந்த். இந்தக் கடைசிப் பெயர் வந்ததும் பீஜி என் கையைத் தட்டி, "உங்க தெற்கத்திக்காரர்" என்றார். அதில் ஒருவர் உழவர், ஒருவர் தண்ணீர் சுமப்பவர், ஒருவர் நாவிதர். தலை கேட்டது அவர்களுக்கு வைத்த சோதனைதான். இரும்புக் கிண்ணத்துத் தண்ணீரை இருபுறமும் கூர் உள்ள கண்டா வாளால் கலக்கி, குருவின் துணைவியார் அதில் பத்தாசா என்கிற சர்க்கரை மிட்டாய் போட, அந்த அமிர்தத்தை ஐந்து பேரும் ஒரே கிண்ணத்தில் குடித்தார்கள். ஒரே கிண்ணத்தில், தேனு! எந்தக் காலத்தில் என்று நினைத்துப் பார். கால்சா பிறந்தது அப்படித்தான். ஆண்களுக்கு சிங், பெண்களுக்கு கௌர் என்ற பெயரும் அந்த வழியில் வந்ததுதான்.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. குரு அந்த ஐந்து பேர் முன்னால் மண்டியிட்டு, "எனக்கும் கொடுங்கள்" என்று கையேந்தி வாங்கிக் குடித்தார். கொடுத்தவரே கேட்டு வாங்கினார். இதைச் சொல்லும்போது பீஜிக்குக் குரல் உடைந்துவிட்டது. நீ வீடியோவில் காட்டினாயே, முன்னால் வெறுங்காலோடு வாளேந்தி நடக்கிற ஐந்து பேர், அவர்கள் பஞ்ச் பியாரே, அதாவது 'அன்புக்குரிய ஐவர்' என்று பெயர் பெற்ற அந்த ஐந்து பேரின் இடத்தில் நடக்கிறவர்கள்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாகில் பிரிட்டிஷ் அதிகாரி டயரின் துப்பாக்கிகள் வெடித்ததும் வைசாகி அன்றுதான். பண்டிகைக்காக ஊருக்கு வந்த கிராமத்து ஜனங்களும் அதில் இருந்தார்கள். 1,650 ரவுண்டு சுட்டார்கள். இறந்தவர் 379 என்று அரசு சொன்னது, ஜனங்கள் சொன்ன கணக்கு அதைவிட மிக அதிகம். பொற்கோயிலில் கும்பிட்டுவிட்டு பீஜி நேரே அங்கேதான் போவார். சுவரில் குண்டு பட்ட ஓட்டைகளைத் தொட்டுவிட்டுப் பேசாமல் வருவார்.

சரி, சாப்பாட்டுக்கு ஏன் காசு வாங்கவில்லை என்பதற்கு இப்போது பதில் உனக்கே தெரிந்திருக்கும். ராஜாவானாலும் கூலியானாலும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் லங்கர். அடுத்த முறை அவர்கள் கோயிலான குருத்வாராவுக்குள்ளேயே போ. தலையைத் துப்பட்டாவால் மூடிக்கொள். ரொட்டியை ஒரு கையால் வாங்காதே, இரண்டு கையையும் ஏந்து. கடா பிரசாதம் என்று தருகிற அல்வாவும் அப்படித்தான். நெய் கையெல்லாம் வழியும், அன்றைக்கு நீ அதை என் புடவையில் துடைத்தாய். தட்டில் மிச்சம் வைக்காதே. சாப்பிட்டதும் கிளம்பிவிடாமல் பாத்திரம் கழுவுகிற இடம் எங்கே என்று கேள். யாரும் நீ யார் என்று விசாரிக்க மாட்டார்கள், ஈரத் துணியோ தட்டோ கையில் தந்துவிடுவார்கள்.

பீஜி நீ கிளம்பும்போது போட்டுவிட்ட சின்ன இரும்பு வளையம், அந்தக் கடா, பீரோவில் என் தாலிக்கயிறு டப்பாவில் இருக்கிறது. உன் கையில் இப்போது மூன்று விரல்தான் நுழையும். அனுப்பட்டுமா?

அம்மா