நைனாவோட திருப்புளியும் மூணு ஒயர் மைக்கும்

ராயபுரம்
ஆடி, முதல் ஞாயிறு

டேய் மச்சான்,

நாலு தடவை போன் பண்ணினே, நான் எடுக்கல. ஐஸ் ஃபேக்டரி விஷயத்துக்கு அப்புறம் நீ ஆறு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கினு இருந்தியே, அதுக்கும் இதுக்கும் சரியாப்போச்சு. தங்கச்சியும் பசங்களும் நல்லா இருக்காங்கன்னு சோடா சொன்னான். இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கால்வலி அப்படியேதான். சோடாவுக்கு இன்னும் பொண்ணு அமையல, அந்த கேரம் போர்டைத் தூக்கிப்போடவும் மாட்டேங்கறான்.

விஷயம் வேற. போன்ல பேசினா நைனா காதுல விழுந்துடுமேன்னுதான் எழுத உக்காந்தேன். பேனாவை எடுத்தப்புறம்தான் உறைச்சுது, விழாதுடா. அதைத்தான் எழுதப்போறேன்.

மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு ஜூன் 15 லாஞ்ச் எல்லாம் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் நைனா எப்படி அலைவார்னு உனக்குத் தெரியும். 61 நாள் கட்டிப்போட்ட இன்ஜினை ஒண்ணொண்ணா கிளப்பிப் பாக்கணும். திருப்புளி முனையை ஹெட் மேல வச்சு, மரப்பிடியைக் காதுல அழுத்திக்கினு கண்ணை மூடுவார். "மூணாவது சிலிண்டர்ல டேப்பட் லூசு"ம்பார், வால்வுகிட்ட இடைவெளி கூடிப்போச்சுன்னு அர்த்தம். கவரைக் கழட்டினா அதேதான் இருக்கும். நீயும்தானே ரெண்டு வருஷம் ஸ்பேனர் எடுத்துக் குடுத்தே.

இந்த வருஷம் ஒரு லாஞ்ச்சை "ஜம்முனு இருக்கு, எடுத்துக்கினு போ"ன்னுட்டார். மூணாம் நாள், வால்வைத் திறக்கத் தள்ளற புஷ்ராடு வளைஞ்சு கடல்ல நின்னுபோச்சு. இன்னொரு லாஞ்ச்சு கயிறு கட்டி இழுத்துக்கினு வந்துச்சு. ஓனர் திட்டல. "பெரியவருக்கு வயசாயிடுச்சு"ன்னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தா நைனா நாலு வார்த்தை திருப்பிக் குடுத்துட்டு அன்னிக்கே மறந்திருப்பார். அது இல்லாததால நைனா ரெண்டு நாள் சாப்பிடல.

எனக்கு ரோஷம். ஆள் காது என்னடா, மெஷின் காதே செஞ்சு குடுக்கறேன்னு எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். இனிமேதான் நீ கொட்டாவி விடற பகுதி. ஆனா படி, நீயும் இந்த மாதிரி மண்டையை உடைச்சுக்கற ஆள்தான்.

ஐஎன்எம்பி441-னு ஒரு மைக். துவரம்பருப்பு சைஸ். பழைய மைக் மாதிரி நெளியற மின்சாரத்தை வெளிய அனுப்பாது. உள்ளேயே எண்ணா மாத்தி 24 பிட்ல குடுத்துடும். அதை வாங்கிக்க ஈஎஸ்பி32-னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் போர்டு. கரன்ட்டை விட்டா நடுவுல மூணே ஒயர்தான். ஒண்ணு தாளம் போடற கிளாக், ஒண்ணு இது இடதா வலதான்னு சொல்றது, மூணாவதுல எண் வரும். ஐ-டூ-எஸ்ம்பாங்க, பிலிப்ஸ் கம்பெனி 1986-ல போட்ட ஏற்பாடு. நைனாகிட்ட சொன்னேன். "நம்ம ரேடியோ கம்பெனியா?"ன்னு கேட்டுட்டு பீடியைப் பத்தவச்சுக்கினார். அவ்ளோதான் அவருக்கு ஆர்வம்.

முதல் ரெண்டு நாள் வெறும் பூஜ்யம். ஒயரை மாத்தினேன், போர்டை மாத்தினேன், சாமிகூடக் கும்பிட்டேன். எல்/ஆர்னு அதுல ஒரு காலு இருக்கு. அதை கிரவுண்ட்ல கட்டினா இடது பக்கத்து முறை வர்றப்பதான் மைக் பேசும். நான் கட்டினது இடது, புரோகிராம் காத்துக்கினு இருந்தது வலது. நம்ம சோடா மூணு மாசம் எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்ல நின்னானே, அதே கதை.

அப்புறம் எண் வந்துச்சு, கோடிக்கணக்குல. 24 பிட் எண், 32 பிட் இடத்துல மேல்பக்கமா உக்காந்துக்கும். 8 பிட் கீழ தள்ளினதும் அடங்குச்சு. யாரும் மூச்சுவிடாதப்பகூட பூஜ்யத்துல நிக்காம ஒரு பக்கமா சாஞ்சே இருந்துச்சு, சராசரியைக் கழிச்சு நிமித்தினேன். இதுக்கு நடுவுல சோடா உதவறேன்னு வந்து, மைக் ஆடக்கூடாதுன்னு ஹாட் கிளூ வச்சு கெட்டியா ஒட்டினான். அந்த மைக்குக்குக் காது அடிப்பக்கம்டா, போர்டுல ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை. அதையே அடைச்சுட்டான் கஸ்மாலம். ரெண்டாவது மைக் அவன் துட்டு.

அதுக்கப்புறம் நான் பண்ணினது அதைவிட முட்டாள்தனம். நொடிக்கு 16,000 சாம்பிள் எடுக்கறேன், அதாவது சத்தத்தை 16,000 தடவை அளந்து எண்ணாக்கறேன். ஒவ்வொண்ணையும் கம்ப்யூட்டர்ல கண்ணால பாக்கணும்னு ஆசை. 115200 வேகத்துல நொடிக்கு 11,520 எழுத்துதான் ஒயர்ல போவும், ஒரு எண்ணுக்கே ஆறேழு எழுத்து ஆவுது. காசிமேட்டுல விடிகாலை பத்து லாஞ்ச் வந்து நிக்குது, கூடை தூக்க ஒரே ஆள், எப்படி இருக்கும்? முக்காவாசி கொட்டிப்போச்சு. வழி அந்தச் சில்லுக்குள்ளேயே இருந்துச்சு. டிஎம்ஏன்னு ஒருத்தன், பெரியவனை, அதான் மெயின் பிராசசரை, கேக்காம தானே கூடையை ரொப்பிக்கினு இருப்பான். அவன் அடுத்த கூடையை ரொப்பி முடிக்கறதுக்குள்ள நாம முந்தின கூடையைக் கணக்கு பாத்துக் கவுத்துடணும். எண்ணைப் பாக்கற ஆசையை விட்டேன். 1024 சாம்பிள் ஒரு கூடைன்னு கட்டி, அங்கேயே எஃப்எஃப்டின்னு சத்தத்தை சுருதி சுருதியாப் பிரிக்கற கணக்கைப் போட்டு, முடிவை மட்டும் சின்னத் திரையில கோடு கோடாக் காட்டினேன். இடது ஓரம் கனத்த சத்தம், வலது ஓரம் கீச்சு, மொத்தம் 8,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்.

வீட்ல பாப்பாவைப் பாடச்சொல்லி, குக்கர் விசிலு, மாடி வீட்டு மிக்ஸி எல்லாத்தையும் படம் பாத்தேன். இன்ஜின்கிட்ட கொண்டு போனா உதவல. டேப்பட் டிக்கு ரெண்டு சுத்துக்கு ஒருதடவை. 600 ஆர்பிஎம்ல நொடிக்கு 5. அடிக்கற நேரம் கண்ணிமைக்கறதுக்குள்ள. 64 மில்லிசெகண்ட் கூடையில அது மத்த சத்தத்தோட கரைஞ்சுபோவுது. கூடையை 256 சாம்பிள் ஆக்கினேன், 16 மில்லிசெகண்ட். அப்ப ஒவ்வொரு கோடும் 62.5 ஹெர்ட்ஸ் அகலம் ஆயிடும், சுருதி நுணுக்கம் போயிடும். போவட்டும், நான் என்ன கச்சேரியா பண்றேன்? 3,000-லேருந்து 5,000 வரைக்கும் உள்ள கோட்டை மட்டும் கூட்டினேன். டக், டக், டக்னு அஞ்சு தடவை எழும்புச்சு பாரு, ரோட்ல போற கன்டெய்னர் லாரி டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டலாம்னு தோணுச்சு.

ஆனா எந்த சிலிண்டர்னு சொல்லமாட்டேங்குது. மைக் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேக்கும். அங்கதான் நைனா ஜெயிச்சார். அவரோட பழைய திருப்புளி ஒண்ணை வாங்கி, மரப்பிடி நுனியில இருமல் மருந்து மூடியைக் கவுத்து, அதுக்குள்ள மைக்கை வச்சேன். ஓட்டையைத் திறந்து வச்சுத்தான்.

போன புதன்கிழமை அவரோட ஒரு லாஞ்ச்ல இறங்கினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு அமைதி. நாலாவது சிலிண்டர்ல வச்சதும் கோடு குதிக்குது. எனக்கு வெறுங்காதுலயே டிக் டிக்னு கேக்குது. நைனா திரையைப் பாத்தார். "உன் டப்பா பொய் சொல்லுதுடா, இன்ஜின் வெண்ணெய் மாதிரி ஓடுது"ன்னார். வழக்கமான நக்கல்னு சிரிச்சேன். அவர் சிரிக்கல. திருப்புளியைப் பிடுங்கி முனையை நாலாவது மேல வச்சு, பிடியைப் பல்லால கடிச்சுக்கினார். ரெண்டு வருஷமா அப்படித்தான் கேக்கறார் மச்சான். கெத்துக்குப் பண்றார்னு நினைச்சேன்.

அன்னிக்கு ராத்திரி பாப்பாவோட விளையாடற மாதிரி, கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு சுருதியாப் போட்டேன். கேட்டா விரல் தூக்கணும். 500, 1,000, தூக்கினார். 2,000-க்கு கொஞ்சம் யோசிச்சார். 3,000-க்கு பாப்பா மட்டும் தூக்கினா. 4,000-ன்னு பட்டனை அமுக்கப் போனேன், இன்னும் அமுக்கல, சத்தமே இல்ல. அவர் என் முகத்தைப் பாத்துக்கினு விரலைத் தூக்கிட்டார்.

எனக்கு அதுக்கப்புறம் விளையாட முடியல.

டீசல் இன்ஜின் பக்கத்துலயே காலம் தள்ளினவங்களுக்கு 4,000 சுத்துவட்டாரம்தான் முதல்ல போவுமாம். கனத்த சத்தம் கடைசி வரைக்கும் நிக்கும். அதனாலதான் சோடாவோட கட்டைக்குரல் தெருமுனையில வர்றப்பவே தெரியுது, அம்மா பக்கத்துல நின்னு பேசினா "முணுமுணுக்காதே"ன்னு எரிஞ்சு விழறார். ச, ஸ, ஃப எல்லாம் அந்த மேல் சுருதியிலதான் இருக்கு. "சாப்பிட்டியா"ன்னா பாதிதான் போய்ச் சேருது, மீதியை நம்ம உதட்டைப் பாத்து ரொப்பிக்கறார். இவ்ளோ நாள் எங்களையெல்லாம் டபாய்ச்சிருக்கார்டா! நான் கோவப்படணுமா அழணுமா?

காதுக்குள்ள சத்தத்தைப் பிடிக்கற முடி செல் போனா திரும்ப முளைக்காதாம். காது மெஷின் உதவும். அதுவும் நான் செஞ்ச டப்பா மாதிரிதான். சத்தத்தை எண்ணாக்கி, எந்தச் சுருதி குறையுதோ அதை மட்டும் ஏத்திக் குடுக்கும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில காட்டலாம்னேன். "செவிட்டு மெஷின் மாட்டிக்கினு நான் காசிமேட்டுல நடக்கணுமா?"ன்னு ஒரே வார்த்தை. அம்மா சொல்லியும் பாத்துட்டாங்க. நீ சொன்னா கேப்பார். இன்னிக்கும் அவர்கிட்ட "நம்ம பய"ன்னா நீதான், நான் இல்ல. அந்த வயித்தெரிச்சலை இன்னொரு நாள் வச்சுக்கறேன்.

விநாயகர் சதுர்த்திக்கு வர்றேன்னியே, அதுக்கு முன்னாடியே வந்துடு. நேரா ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்காதே. முதல்ல திட்டு வாங்கு, அப்புறம் மீன்குழம்பு சாப்பிடு, அப்புறம் ஆரம்பி. அவர் எதிர்ல உக்காந்து பேசு, முகம் தெரியணும்.

அந்த நாலாவது சிலிண்டரை அவரேதான் சரி பண்ணினார். இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜை சொருகி விரல்லயே பாத்து முடிச்சார், கவரை மூடினதும் திரையில கோடு அடங்கிடுச்சு. கையில ஒரு குறையும் இல்ல. ஏறி வெளிய வந்தப்ப திருப்புளியை எங்கிட்ட தரல. மைக்கு, மூடி, ஒயரு எல்லாத்தோடயும் தன் பையில சுருட்டிப் போட்டுக்கினார். நானும் கேக்கல.

அதனால வரும்போது மரப்பிடி போட்ட திருப்புளி ஒண்ணு எங்கயாவது கிடைச்சா வாங்கிட்டு வா. நீளமா இருக்கணும், பிளாஸ்டிக் பிடி வேணாம்.

தெருவுல கூழ் ஊத்தறாங்க, ஸ்பீக்கர் அலறுது, மீதி நேர்ல.

உன்
மச்சான்