மாமாவுக்கு: ஊர்களைக் குறையுங்கள், அத்தையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்தை வரிவரியாகப் படித்தேன். ஓய்வு பெற்ற கையோடு ஐரோப்பாவின் பழைய பீர்க் கூடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று நீங்கள் கிளம்புவதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் திட்டம்தான் மனதுக்கு ஒப்பவில்லை. பத்து நாளில் ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், கொலோன், மியூனிக், வியன்னா, புடாபெஸ்ட், பிராக் என்று ஏழு ஊர். ஊருக்கு நான்கு பார், எல்லாம் இரவு ஏழு மணிக்கு மேல். அத்தையின் பெயருக்கு நேராக எல்லா நாளும் ‘ஓட்டலில் ஓய்வு’. உங்களைப் போலவே வேறு சிலரும் இதே மாதிரிப் பட்டியலோடு என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்தக் கடைசி வரிதான் என்னை மிகவும் உறுத்தியது. நம் ஊரில் 2003 முதல் மதுக்கடை என்றால் டாஸ்மாக்தான். அதை ஒட்டிய பாரில் யாரும் மனைவியோடு போய் உட்காருவதில்லை. வேகமாகக் குடித்து, வாயை மறைத்துக்கொண்டு வெளியே வருவதுதான் அங்கே பழக்கம். அதே பழக்கத்தை வைத்து இந்த ஊர்களுக்கும் நேரம் குறித்திருக்கிறீர்கள். ஜெர்மனியில் நான் இருக்கும் கொலோனில் பீர் வடிக்கும் கூடங்கள் பகலிலேயே திறந்திருக்கும். மதிய வேளையில் பாட்டிகளும் பேரக்குழந்தைகளும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தயவுசெய்து அத்தையைக் கூட்டி வாருங்கள். அவர் குடிக்க வேண்டாம். ஆப்பிள் சாற்றில் சோடா கலந்து தருவார்கள், அது எல்லாக் கூடத்திலும் உண்டு. செக் நாட்டில் 1960 முதல் வரும் கோஃபோலா என்ற மூலிகை வாசனைக் குளிர்பானத்தைப் பல இடங்களில் பீரைப் போலவே குழாயில் பிடித்துத் தருகிறார்கள்.

இப்போது ஊர்கள். என் யோசனை: மூன்று ஊரில் மட்டும் தங்குங்கள். கொலோனில் மூன்று இரவு, ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இருக்கும் பாம்பெர்க்கில் மூன்று இரவு, மீதி செக் தலைநகர் பிராக்கில். டூசல்டார்ஃபுக்குக் கொலோனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான், போய்விட்டுத் திரும்பிவிடலாம். செக் நாட்டு பில்சன் நகரம் பிராக்குக்குப் போகும் வழியில் இருக்கிறது. எல்லாமே ரயில். கார் வேண்டவே வேண்டாம். செக் நாட்டில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் மது துளியும் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

கொலோனில் கிடைப்பது கோல்ஷ் என்ற வெளிர் பீர். 1986-இல் மதுவடிப்போர் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கொலோனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வடிப்பதற்கு மட்டுமே அந்தப் பெயர். ஃப்ரீசன் தெருவில் 1883 முதல் இருக்கும் பெஃப்கன் கூடத்துக்கு உங்களை நானே அழைத்துப் போகிறேன். அங்கே பரிமாறுபவரைக் கோபெஸ் என்பார்கள். நீல மேலங்கி, கையில் நடுவே பிடி வைத்த வட்டத் தட்டு, அதன் குழிகளில் ஒல்லியான கிளாஸ்கள். ஒரு கிளாஸில் 200 மில்லிதான். சின்ன அளவு என்று நினைக்காதீர்கள். நுரை அடங்குவதற்குள் குடித்து முடிக்கத்தான் அந்த அளவு. உங்கள் கிளாஸ் காலியானதும் நீங்கள் கேட்காமலே அடுத்தது வந்துவிடும். கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அந்தக் கோடுகள்தான் பில். போதும் என்றால் அட்டையை எடுத்துக் கிளாஸின் மேல் மூடி வையுங்கள். மரியாதைக்காக மறுக்கத் தயங்கும் உங்கள் சுபாவம் எனக்குத் தெரியும், மாமா. அட்டையால் மூடுவதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

அத்தைக்குச் சாப்பாடு? ‘ஹால்வர் ஹான்’ என்று கேளுங்கள். பெயரில்தான் சேவல் இருக்கிறது. தட்டில் வருவது ரை ரொட்டியும் கெட்டிப் பாலாடைக்கட்டியும் கடுகு விழுதும்தான்.

டூசல்டார்ஃபில் ஆல்ட் என்ற செம்பு நிற பீர். 1862-இல் தொடங்கிய யூரிகே கூடத்தில் நல்ல கசப்பாக இருக்கும். ஒரு மதியம் போதும்.

பாம்பெர்க்குக்குத்தான் நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். உங்கள் பட்டியலில் அந்த ஊர் இல்லாதது எனக்கு ஆச்சரியம். யுனெஸ்கோ 1993-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பழைய நகரம் அது. பேராலயத்துக்குக் கீழே ஒரு சந்தில் ஷ்லெங்கர்லா என்ற மரச்சட்டக் கட்டடம் இருக்கிறது. முளைகட்டிய பார்லியைப் பீச் (beech) மர விறகின் புகையில் உலர்த்திப் பீர் வடிக்கிறார்கள். மரப் பீப்பாயிலிருந்து நேராகக் கிளாஸில் விழும் அந்தக் கரும் பீரை மூக்கருகே கொண்டுபோனதும் விறகடுப்பில் வாட்டிய இறைச்சியின் வாசனை அடிக்கும். முதல் வாயில் பலருக்கும் பிடிக்காது. மூன்றாவது கிளாஸில்தான் ருசி பிடிபடும் என்று ஊர்க்காரர்களே சொல்வார்கள். ஒரு காலத்தில் பார்லியை நெருப்பில்தான் உலர்த்தினார்கள், அதனால் பெரும்பாலான பீரில் புகை வாசனை இருந்தது. புகை படாமல் உலர்த்தும் சூளைகள் வந்த பிறகு அந்த ருசி மற்ற இடங்களில் மறைந்துபோனது. பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லாவும், 1536 முதல் இருக்கும் ஷ்பெட்சியாலும் இன்றும் தாங்களே புகையூட்டுகிறார்கள். நான்கு பாருக்கு ஓடும் அவசரத்தில் ஒரு கிளாஸோடு எழுந்து போகிறவருக்கு இந்த பீர் பிடிபடவே பிடிபடாது. ஏழு ஊர் வேண்டாம் என்று நான் மன்றாடுவதற்கு இதுதான் முதல் காரணம்.

ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் பீரைக் குளிர்ச்சியாக வைப்பதற்காக நிலவறைகள் குடைந்திருக்கிறார்கள். அவற்றின் மேல் நிழலுக்காக செஸ்நட் மரங்கள் நட்டார்கள், பிறகு மரத்தடியில் மேசை போட்டார்கள். பவேரிய அரசர் 1812-இல் போட்ட ஆணைப்படி, மியூனிக்கில் இப்படிப்பட்ட நிலவறைத் தோட்டங்களில் மதுவடிப்போர் பீர் விற்கலாம், சமைத்த உணவு விற்கக் கூடாது. அதனால் மக்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனார்கள். பவேரியாவின் பல பீர்த் தோட்டங்களில் இன்றும் அந்த வழக்கம் உண்டு. குடிப்பதை மட்டும் அங்கேயே வாங்க வேண்டும், மேசை விரிப்பு போடாத மேசையில் உட்கார வேண்டும். உட்காருமுன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அத்தை கட்டி வந்த புளியோதரையைப் பிரிக்கலாம். நல்ல வெயில் காலத்தில் வாருங்கள். மே முதல் செப்டம்பர் வரைதான் இந்தத் தோட்டங்களுக்கு உயிர்.

மியூனிக்கை நான் நீக்கிவிட்டேன். 1589-இல் தோன்றிய ஹோஃப்பிராய்ஹவுஸ் பெரிய பெயர்தான். ஆனால் நீங்கள் அங்கே பார்க்கப்போவது பெரும்பாலும் உங்களைப் போன்ற பயணிகளைத்தான். பாம்பெர்க்கில் ஒரு மாலை அதைவிட மேல்.

பில்சனில் பெட்டியை ரயில் நிலையத்தில் வைத்துவிட்டு மது ஆலைக்கு நடந்துவிடலாம். 1838-இல் கெட்டுப்போன 36 பீப்பாய் பீரை நகர மன்றத்தின் எதிரே கொட்டிவிட்டு, ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து சொந்தமாக ஆலை கட்டினார்கள். பவேரியாவிலிருந்து யோசெஃப் குரோல் என்பவரை வரவழைத்தார்கள். ஊரின் மென்மையான தண்ணீரும் வெளிர் பார்லியும் சாட்ஸ் பகுதியின் ஹாப்ஸும் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்து 1842 அக்டோபர் 5 அன்று அவர் வடித்ததுதான் இன்றைக்கு உலகம் முழுக்கப் பிரதி எடுக்கும் பொன்னிற பீரின் மூலம். நீங்கள் நம் ஊரில் குடிக்கும் லாகரும் அதன் வழி வந்ததுதான். ஆலையைச் சுற்றிக் காட்டும்போது நிலவறையில் ஓக் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீர் ஒரு கிளாஸ் தருவார்கள். முன்பதிவு செய்துவிடுங்கள்.

பிராக்கில் ஹுசோவா தெருவில் ‘பொன் புலி’ என்ற பெயரில் ஒரு சின்னக் கூடம். எழுத்தாளர் போஹுமில் ஹ்ரபால் அங்கே வாடிக்கையாக உட்காருவார். 1994-இல் செக் அதிபர் ஹாவெல், அமெரிக்க அதிபர் கிளின்டனை அங்கேதான் அழைத்து வந்தார். மதியம் மூன்று மணிக்குத் திறக்கும், அதற்கு முன்பே வாசலில் ஆள் நிற்கும். மேசைகள் பலவும் வாடிக்கையாளர்களுக்கு ஒதுக்கியவை. இடம் காட்டினால் நெருக்கி உட்காருங்கள், எழச் சொன்னால் எழுந்துவிடுங்கள். செக் பீர்ப் பட்டியலில் 10, 12 என்று இருக்கும் எண் போதையின் அளவு இல்லை. காய்ச்சிய பார்லிச் சாற்றின் அடர்த்தி. பில்சன் பீரின் எண் 12, மது 4.4 சதவீதம்தான்.

ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம், மாமா. மதியம் ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறீர்கள். மருத்துவரிடம் இந்தத் திட்டத்தைக் காட்டிவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். கையில் ரொக்கம் வைத்திருங்கள், பழைய கூடங்கள் சிலவற்றில் கார்டு செல்லாது. பிராக்கில் யூரோ வேண்டாம், கொருனா மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் முதலில் இறங்கி அதிக இரவு தங்குவதால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை ஜெர்மனி வழியாகவே விண்ணப்பியுங்கள். கோடைக் காலத்துக்கு விசா நேரம் கிடைப்பது கடினம், இந்த வாரமே தொடங்குங்கள். தேதியை அத்தையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் சொல்லும் தேதிக்கு நான் விடுப்பு எடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்