பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு

கடலூர்,
ஜூலை 2021

அன்புடைய பெற்றோர்களுக்கு வணக்கம்.

19ஆம் தேதி முடிவுகள் வந்துவிட்டன. நம் பள்ளியில் அனைவரும் தேர்ச்சி. ஆனால் "பரீட்சையே எழுதாமல் என்ன பாஸ்?" என்று டீக்கடையிலும் சொந்தக்காரர் வீட்டிலும் கேட்கிறார்களாம். பிள்ளைகள் என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். அதற்காகவே இந்தக் கடிதம்.

இந்த மதிப்பெண்ணை யாரும் சும்மா அள்ளிக் கொடுத்துவிடவில்லை. பத்தாம் வகுப்பில் அதிகம் பெற்ற மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவீதம், பதினொன்றாம் வகுப்பு எழுத்துத் தேர்விலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வும் அகமதிப்பீடும் சேர்த்து 30. பத்தில் சறுக்கிவிட்டுப் பிளஸ் டூவில் விழித்துக்கொண்டவர்களுக்கு இதில் மனக்குறை உண்டு, அது நியாயமும்கூட. அவர்கள் தனியாகத் தேர்வு எழுதலாம். எழுதினால் அந்த மதிப்பெண்தான் இறுதி என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கடலூர் வைத்த பரீட்சைகள் வேறு. சுனாமி வந்தபோது கைக்குழந்தைகள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது மூன்றாம் வகுப்பு. 2015 வெள்ளத்தில் ஏழாம் வகுப்பு. 2020 மார்ச் 26 அன்று எழுத வேண்டியிருந்த பதினொன்றாம் வகுப்புக் கடைசித் தேர்வை ஊரடங்கு விழுங்கியது. பன்னிரண்டாம் வகுப்புக்காகப் பள்ளி திறந்ததோ இந்த ஜனவரி 19இல்தான்.

துறைமுகப் பக்கத்து மாணவன் ஒருவன் பகலில் ஐஸ் பெட்டி தூக்கிவிட்டு, அப்பாவின் கைபேசி கைக்கு வந்த பிறகு, இரவு பதினொரு மணிக்குக் கணக்குப் பாடத்தைப் படம் பிடித்து அனுப்புவான். ஒரு படத்தில் தொகையிடல் கணக்கின் ஓரத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது. விடை சரி. மீன்பிடித் தடைக்காலமும் ஊரடங்கும் ஒன்றாக வந்த இந்த ஆண்டில், அவன் படிப்பை விடாமல் இருந்ததையே நான் பெரிய மதிப்பெண்ணாக எண்ணுகிறேன். அவனைப் போய் 'கொரோனா பாஸ்' என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

ஆகவே பிரிவு உபசார விழாவைக் கைவிடப் போவதில்லை, சுருக்கியிருக்கிறோம், அவ்வளவுதான். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் ஒரு நாள். பந்தல், சாப்பாடு, சிறப்பு விருந்தினர் எதுவும் கிடையாது. (சிறப்பு விருந்தினரின் ஒரு மணி நேரப் பேச்சு இல்லாதது பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி.) திறந்தவெளியில் இடைவெளி விட்டு நாற்காலிகள் போடுவோம். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வகுப்பாசிரியர் ஒலிபெருக்கியில் அழைப்பார். அவரைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசுவார். மாற்றுச் சான்றிதழை அங்கேயே வழங்குவார். குழுப் படத்துக்குத் தோளோடு தோள் நிற்க முடியாது. ஒவ்வொருவரையும் தனியாகப் படம் எடுத்துப் பிறகு ஒன்றாகச் சேர்த்துத் தருவதாக ஓவிய ஆசிரியர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

பிள்ளையுடன் வீட்டிலிருந்து ஒருவர் வந்தால் போதும். அம்மாவோ அப்பாவோ இல்லாத பிள்ளைகள் பாட்டியையோ அண்ணனையோ அழைத்து வரட்டும். இந்த இரண்டாம் அலையில் சில வீடுகளில் நேர்ந்தது எங்களுக்குத் தெரியும். வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளையும் அன்று ஒரு நாள் விடுப்பு கேட்டு அனுப்பிவையுங்கள். கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஆசிரியர்கள் உடனிருந்து உதவுவார்கள்.

முகக்கவசம் கட்டாயம். காய்ச்சலோ இருமலோ இருந்தால் வர வேண்டாம். வேறொரு நாள் அதே மரியாதையுடன் அழைத்துச் சான்றிதழ் கொடுப்போம். நூலகப் புத்தகங்கள் வீட்டில் இருந்தால் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலில் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் முன்னதாகவே சரிபார்த்து, பிழை இருந்தால் அன்றே அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்