ஸ்கோதெஸ்லோஸ்: மடியைத் தேடாதே

டேனிஷ் படிக்கும் அன்புத் தம்பிக்கு,

'ஸ்கோதெ' என்றால் மடி, 'லோஸ்' என்றால் இல்லாத. அப்படியிருக்க 'ஸ்கோதெஸ்லோஸ்' எப்படி அசட்டையானவனைக் குறிக்கும் என்று கேட்டிருந்தாய். பின்பாதியைச் சரியாகப் பிடித்துவிட்டாய். வேலையில்லாதவனை 'ஆர்பைட்ஸ்லோஸ்' என்கிறார்களே, அதே 'லோஸ்'தான். இடறியது முன்பாதியில்.

அங்கே இருப்பது மடி அல்ல. 'ஸ்கோத்தெ' என்ற வினையின் உறவுச்சொல். பேணு, பார்த்துக்கொள் என்று பொருள். 'ஸ்கோத்தெ ஸை ஸெல்வ்' என்றால் தன் காரியத்தைத் தான் பார்த்துக்கொள்வது. சுவீடிஷில் இதன் உடன்பிறப்பான 'ஷோத்தா' இன்றும் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. நோயாளியைப் பேணும் செவிலியரின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

'த்த' எப்படி 'த' ஆனது? இடைக்கால டேனிஷில் உயிரொலிக்குப் பின் தனித்து நின்ற வல்லொலி மெலிந்துவிட்டது. கடிப்பதற்கு சுவீடிஷில் 'பீத்தா', டேனிஷில் 'பீதெ'. நம் 'பத்து', 'பதம்' இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார், வேறுபாடு நாக்கிலேயே தெரியும். இரட்டித்த இடத்தில் வல்லொலி தப்பியது, அதனால் வினை 'ஸ்கோத்தெ' என்றே நிற்கிறது. மெலிந்த வடிவமோ மடியைக் குறிக்கும் சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

அந்த 'ஸ்கோதெ' கோட்டின் தொங்கும் கீழ்ப்பகுதிக்கும் பெயர். ஆகவே உன் தவறு, 'அசட்டை' என்பதைச் சட்டை போடாமை என்று ஒருவர் புரிந்துகொள்வது போன்றது. 'சட்டை பண்ணாதே' என்பதில் உள்ள சட்டைக்குத் துணியோடு தொடர்பில்லையே!

இன்னொரு கண்ணியும் உண்டு. சொத்துக் கிரயப் பத்திரமும் 'ஸ்கோதெ'தான். இதற்கு மடியோடு உண்மையான உறவு இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில், அன்று டென்மார்க்கைச் சேர்ந்திருந்த ஸ்கோனெ பகுதியில், நிலம் கைமாறும்போது அந்த நிலத்து மண்ணை வாங்குபவரின் விரித்த மேலாடையில் இடுவார்கள். ஆகவே 'பத்திரமில்லாத' என்றும் மொழிபெயர்த்துவிடாதே.

பயன்படுத்தும்போது கவனி: சட்டத்தில் கவனக்குறைவுக்கு வழக்கமான சொல் இது அல்ல. அங்கே பெரும்பாலும் 'உவக்ட்ஸம்ஹெத்' (கவனக்குறைவு) என்பார்கள். டேனிஷ் தண்டனைச் சட்டம் 241ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு இதன் வடிவத்தைத்தான் ஆள்கிறது. அரைகுறை வேலைக்கு 'ஷுஸ்க்' பொருந்தும். 'ஸ்கோதெஸ்லோஸ்' எப்போதும் வசையும் அல்ல. அலட்டிக்கொள்ளாமல் அழகாக உடுத்தியவரின் நேர்த்தியையும் அப்படிச் சொல்வார்கள். அந்த இடத்தில் 'அசட்டை' என்று எழுதினால் பாராட்டு திட்டாகிவிடும். 'அலட்டலில்லாத' என்று எழுது.

அன்புடன்.