ஆஸ்திரேலியாவில் பதிவு செய்ய முடியாத அவசரகால பீக்கனை விற்றது குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், பெண்டில் ஹில், சிட்னி

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

நாள்: 14 நவம்பர் 2025

பொருள்: வேற்று நாட்டுக் குறியீடு கொண்ட பீக்கனைத் திரும்பப் பெற்று, முழுத் தொகையையும் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த அக்டோபர் 18ஆம் தேதி தங்கள் இணையக் கடையில் மலைநடைக்கான தனிநபர் பீக்கன் ஒன்றை, அதாவது ஆபத்தில் இயக்கினால் செயற்கைக்கோள் வழியே மீட்புக் குழுவுக்குத் தகவல் தரும் கையடக்கக் கருவியை வாங்கினேன். அதை ஆஸ்திரேலியாவில் பதிவு செய்ய இயலாது என்பது கருவி கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வாங்கும் முன் தங்கள் விற்பனையாளரிடம் தமிழிலேயே பேசித் தெளிவுபடுத்திக்கொண்டதால், இக்கடிதத்தையும் தமிழில் எழுதுகிறேன்.

வரும் ஜனவரியில் நானும் என் மனைவியும் டாஸ்மேனியாவின் ஓவர்லேண்ட் டிராக்கில், கிரேடில் மலையிலிருந்து செயின்ட் கிளேர் ஏரி வரையிலான 65 கிலோமீட்டரை ஆறு நாள்களில் நடக்க இருக்கிறோம். கோடையிலும் பனி பெய்யக்கூடிய, பெரும்பாலான இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத பாதை அது. என் மனைவிக்கோ ஆஸ்துமா உண்டு. புளூ மவுண்டன்ஸ் பக்கம் போகும்போதெல்லாம் பிளாக்ஹீத் தேசியப் பூங்கா மையத்தில் இலவசமாகத் தரும் பீக்கனை வாங்கிச் சென்று பழகிய நாங்கள், இம்முறை சொந்தமாக ஒன்று இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் சாட்டிலைட் மெசெஞ்சர்களையும் பார்த்தோம். மீட்புக் குழுவோடு செய்தி பரிமாறிக்கொள்ளலாம் என்பது பெரிய வசதிதான் என்றாலும், சந்தா தொடர்ந்து கட்ட வேண்டும். பீக்கனுக்குச் சந்தா இல்லை. 406 மெகாஹெர்ட்ஸில், 5 வாட் வலுவில், குறைந்தது 24 மணி நேரம் காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டுத் தேடல்-மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்களுக்கு அது அபாய அறிவிப்பை அனுப்பும். நெருங்கி வரும் ஹெலிகாப்டர் திசை பிடிப்பதற்காக 121.5 மெகாஹெர்ட்ஸிலும் சிக்னல் தரும்.

கருவி வந்த அன்றிரவே ஆஸ்திரேலிய கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய உட்கார்ந்தேன். கருவியின் முதுகில் ஒட்டிய சிறு வெள்ளைச் சீட்டில் எறும்பு அளவில் அச்சிட்டிருந்த 15 இலக்க அடையாளக் குறியீட்டை, என் மனைவி கைபேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க நான் தட்டச்சு செய்தேன். மூன்று முறை முயன்றும் படிவம் ஏற்கவில்லை. குறியீடு 2டிசி (2DC) என்று தொடங்கியதுதான் காரணம். குறியீட்டின் முதல் மூன்று இடங்களில்தான் நாட்டு எண் பொதிந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் நாட்டு எண்ணான 503-ஐக் கொண்டு நிரல்படுத்தப்பட்ட கருவிகளின் குறியீடு 3இஇ (3EE), 3இஎஃப் (3EF), பிஇஇ (BEE), பிஇஎஃப் (BEF) என்பவற்றுள் ஒன்றில் தொடங்கும்; எங்களுக்கு வந்திருப்பதோ அமெரிக்காவின் 366.

மறுநாள் தொலைபேசியில் கேட்டபோது, "எங்கே அழுத்தினாலும் சாட்டிலைட் எடுத்துக்கொள்ளும் சார், நாட்டுக் குறியீடெல்லாம் ஒரு பொருட்டே இல்லை" என்றார் தங்கள் ஊழியர். செயற்கைக்கோள் எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. பொருட்டே இல்லை என்பது தவறு. இங்கே பதிவு பெற்ற பீக்கனை இயக்கினால், கான்பெராவில் உள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையம் உடனே அவசரத் தொடர்பாளரை அழைத்து, எத்தனை பேர், எப்போது புறப்பட்டார்கள், எந்தப் பாதை, என்ன நோய் என்று கேட்டறிய முடியும். எங்கள் பயணத் திட்டமும், கூடாரத்தின் நிறமும், மனைவி வைத்திருக்கும் இன்ஹேலரும் என் மைத்துனருக்குத் தெரியும். ஆனால் அவருடைய தொலைபேசி எண்ணே மையத்திடம் இருக்காது. "அமெரிக்காவில் உறவினர் யாராவது இருந்தால் அந்த முகவரியில் பதிவு செய்துகொள்ளுங்கள்" என்றும் அந்த ஊழியர் சொன்னார். உயிர் காக்கும் கருவியை விற்பவர் பொய் முகவரிக்கு வழி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மின்கலம் 7 ஆண்டுகள் நீடிக்கும் என்று விளம்பரத்தில் இருந்தது. கருவியில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி 2029 மார்ச்.

விற்கும் பொருள் விளம்பர விவரத்தோடு பொருந்த வேண்டும், வாங்கும் நோக்கத்துக்கு உதவ வேண்டும் என்பவை ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் தரும் உத்தரவாதங்கள். இரண்டுமே இங்கு மீறப்பட்டுள்ளன. ஆகவே அஞ்சல் செலவு உட்பட முழுத் தொகையையும் 14 நாள்களுக்குள் திருப்பித் தருமாறும், இதே சரக்கிலிருந்து வாங்கிய ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதி, குறியீட்டின் முதல் மூன்று இடங்களைச் சரிபார்க்கச் சொல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன். என் பணத்தைவிட இந்த இரண்டாவது கோரிக்கையே எனக்கு முக்கியம். அவர்களில் சிலர் இந்த வாரமே காட்டுக்குள் இருக்கலாம். தக்க பதில் வராவிடில், நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங் அலுவலகத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீதின் நகல், குறியீட்டுச் சீட்டின் புகைப்படம், விளம்பரப் பக்கத்தின் அச்சுப் பிரதி.